இருநூறுக்கு மூன்று குறைவு

காரைக்குடி செக்காலை ரோட்டில்
கம்பி, சிமெண்ட், தகரம் விற்கும் கடையில்
கணக்கு எழுதுகிறேன்.
பகலெல்லாம் பிறர் கடன்.
இரவு பத்தரைக்கு மேல்
என் கடன்.

சி.ஏ. இறுதித் தேர்வு.
ஆறு முறை எழுதியாயிற்று.
கடைசி முறை இருநூறு வேண்டிய இடத்தில்
நூற்றுத் தொண்ணூற்றேழு.

மூன்று என்பது எவ்வளவு?
ஆணி நிறுக்கையில்
தட்டு இறங்கலாமா என்று யோசிக்குமே, அவ்வளவு.
"மூணுதானே" என்றான் அத்தை மகன்.
மூணுதான்.
ஊருக்குக் கொடுக்க வாங்கிய ஜாங்கிரியை
நான்கு நாள் நாங்களே தின்றோம்.
ஐந்தாம் நாள் எறும்பு.

சேர்ந்து தொடங்கியவர்களில்
சோலையப்பன் சென்னையில்
பச்சை மசியில் கையெழுத்துப் போடுகிறான்.
உமையாள் இரண்டாம் முறையோடு
புத்தகங்களைக் கட்டி என்னிடம் தந்துவிட்டாள்.
அவள் ஊதாப் பென்சிலில் இழுத்த கோடுகள்
மூன்றாம் பாடத்தின் நடுவில்
ஒரு வாக்கியம் முடியும் முன்பே நிற்கின்றன.
தோற்றாள் என்று சொல்லமாட்டேன்.
ஆத்தங்குடிப் பக்கம் பால்பண்ணை,
நாற்பது மாட்டுக்கும் பெயர் வைத்திருக்கிறாள்.
அவள் கணக்கு நேராகிவிட்டது.
என்னுடையது இன்னும் இல்லை.

கடை அடைத்ததும் கிடங்குச் சாவி என்னிடம்.
சிமெண்ட் மூட்டை மேல் சாக்கு விரித்து
ஒரு குழல்விளக்கு, ஒரு கால்குலேட்டர்,
பக்கம் புரட்டினால் சாம்பல் விரல்.
மே மாதத் தேர்வென்றால்
வெளியே கொப்புடையம்மனுக்குத் திருவிழா.
வேட்டுச் சத்தத்தில் மூட்டைகள் அதிரும்.
தேருக்கும் தேர்வுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.
அந்த எழுத்துக்குள்
ஐந்து சித்திரைகள் போயின.

ஒரு ஞாயிறு, போதும் என்று
எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு
கழனிவாசல் பழைய பேப்பர் கடைக்குப் போனேன்.
பதினொரு கிலோ முந்நூறு கிராம்.
கிலோ பதினாலு.
"நூத்தம்பது வச்சுக்கங்க" என்றார் காதர் பாய்.
"நூற்று ஐம்பத்தெட்டு ரூபாய் இருபது காசு" என்றேன்.
"இருபது காசு இப்ப எங்க இருக்கு தம்பி?"
"இருக்கோ இல்லையோ, கணக்கில் வரணும்."
அவர் தராசையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.
எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.
இருபது காசை விடமுடியாத ஆள்
மூன்று மதிப்பெண்ணை விட்டுவிட வந்திருக்கிறேன்!
திரும்பக் கட்டினேன்.
கயிறு பற்றவில்லை என்று
அவரே ஒரு துண்டு கொடுத்தார், காசு வாங்காமல்.

அதற்குப் பிறகு ஞானம் ஒன்றும் வரவில்லை.
தூக்கம்தான் வந்தது, தினமும், பதினொன்றே காலுக்கு.
முகம் கழுவினேன், நின்றுகொண்டு படித்தேன்,
சில இரவுகளில் படிக்காமலே
விடியும்வரை மூட்டைமேல் கிடந்தேன்.
அவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன்,
டைரியில், பற்றுப் பக்கத்தில்.
மொத்தம் பத்தொன்பது.

நவம்பர்.
நாலு நாற்பது மதுரை வண்டி.
தூக்குவாளியில் தயிர்சாதம்,
சட்டைப்பையில் நுழைவுச்சீட்டு.
அது நனையாதிருக்க
கடையில் கொடுத்த பாலிதீன் உறை.
பெய்யவில்லை, ஆனால் பெய்யலாம்.

திருப்பத்தூர் தாண்டுகையில் வெளுக்கத் தொடங்கியது.
எழுத்து மெல்ல மெல்லத் தெரிய வந்தது,
உமையாளின் ஊதாக் கோடு நிற்கும் பக்கம்.
அதே வாக்கியத்தின் மீதியில்
என் நீலக் கோடு.

கண்டக்டர் வந்தார்.
நோட்டை வாங்கி, சில்லறையைத் துழாவி,
காதிலிருந்த பேனாவை எடுத்து
டிக்கெட்டின் முதுகில் எழுதினார்.
மூன்று.

"மூணு ரூவா பாக்கி தம்பி.
எறங்கையில மறக்காம கேட்டு வாங்கிக்கங்க."

வாங்காமல்
இறங்கமாட்டேன்.